கார் ரேடியோவில் வாசித்த கெட்டிமேளம்

போன வாரம் நம் கடைக்கு ஒருவர் புதுக் கார் ஒன்றைக் கொண்டு வந்து நிறுத்தினார். கையில் ஒரு பழைய வாக்மேன். அதில் போடும் கேசட்டுகளைக் காரின் ஸ்பீக்கரில் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கடையில் இருந்த தம்பி டாஷ்போர்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒயர் சொருக ஓட்டையே இல்லை சார், முடியாது" என்று அனுப்பிவிட்டார். நான் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஓய்வு பெற்றவன் கடைக்குப் போனால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. அதனால் பேசவில்லை. எழுதுவதற்குத் தடை எதுவும் இல்லை, ஆகவே கடைத் தம்பிகளே, உங்களுக்கு எழுதுகிறேன்.

ஓட்டை இல்லாவிட்டால் முடியாது என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்த வாக்மேனின் இயர்போன் துளையில் ஒரு சின்ன ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டரைச் சொருகினால் போதும், கார் அதைப் புதுப் போன் என்று நினைத்துக்கொண்டு பாடும். இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். யோசிக்கச் சோம்பல், அவ்வளவுதான். கிழவன் திட்டுகிறான் என்று உங்களுக்குத் தோன்றினால், சரியாகத்தான் தோன்றுகிறது.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பொருள்களைச் சேர்த்து வைப்பதுதான் நம் தொழில். எங்கள் காலத்தில் கார் ரேடியோவுக்கு வேறு எதையும் சொருகுகிற ஓட்டை கிடையாது. நாங்களே வழி செய்துகொண்டோம். ஆனால் ஒயரைச் சேர்ப்பது வேலையில் பாதிதான். மீதிப் பாதி என்ன என்பதை எழுபதுகளின் கடைசியில் ஒரு கல்யாண வீட்டில் தெரிந்துகொண்டேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

அப்போது கொல்லங்கோட்டில் எனக்குச் சின்னதாக ஒரு பட்டறை இருந்தது. கார், ஜீப் ஒயரிங், ரேடியோ ரிப்பேர் எல்லாம் பார்ப்பேன். ஊருக்குக் கிழக்கே தோப்பும் வயலுமாக வாழ்ந்த ஒரு குடும்பத்தில் இளைய மகள் சரசுவுக்குக் கல்யாணம். அவளுடைய அப்பாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. மாப்பிள்ளையை அழைத்து வரும்போது அது நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்று, கருவிப் பை சகிதம் என்னையும் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார். தை மாதம். மலைக் கணவாய் வழியாக வரும் காற்று இரவெல்லாம் அடித்து, ஒரு பனை மட்டை கரண்ட் கம்பியில் விழுந்து, அந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் இல்லை. வாடகைக்கு வந்த மைக்செட்டின் குழாய் ஸ்பீக்கர் புளியமரத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வீட்டாரை நல்லபடியாகக் கொண்டு வந்து இறக்கிவிட்டு நானும் பெண்ணின் அப்பாவும் காருக்குப் பக்கத்தில் நின்றோம். அப்போது வாய்க்கால் மேட்டில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. வந்தவர் மாரிமுத்து, அன்றைக்கு வாசிக்க வேண்டிய நாதஸ்வரக் குழுவின் பெரியவருக்கு மகன். பந்தல் முகப்பில் கட்டிய வாழை மரத்தைத் தாண்டாமல் அங்கேயே நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

"அப்பன் விடியக்காலம் போயிட்டாருங்க. தூக்கத்துலயே" என்றார். "செட்டுல நாங்க அத்தன பேரும் பங்காளிங்க. தீட்டோட ஒருத்தனும் பந்தலுக்குள்ள கால் வெக்க முடியாதுங்க. கொல்லங்கோட்டுல வேற ஆளு கெடைக்குதான்னு பாத்துட்டு வாரனுங்க."

சொல்லிவிட்டு, அழக்கூட நேரமில்லாதவராகச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டுமுங்க. மேளக்காரரு வண்டி பழுதுன்னு சொல்லிப்போடறேன். கல்யாணத்தன்னைக்குச் சாவுச் சேதின்னா மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்க."

எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது. ஆனால் வண்டி பழுது என்ற சேதியே பந்தலைக் கலக்கிவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம்.

"மேளமில்லாமத் தாலி கட்டறதுங்களா?" என்று கேட்டார். "எங்க ஊர்ல இழவு ஊட்டுல கூட மேளம் வெப்பாங்க. ஒரு மேளத்துக்கு வழி பண்ண முடியலீன்னா அடுத்த முகூர்த்தம் பாத்துக்கலாமுங்க."

தாலி கட்டுகிற நேரத்தில் ஒரு தும்மலோ அழுகையோ யார் காதிலும் விழக் கூடாது என்பதற்காகத்தான் கெட்டிமேளம் கொட்டுகிறோம். அது இல்லாமல் கட்டிய தாலியைப் பற்றிப் பின்னால் யாராவது ஏதாவது சொல்வார்கள். அடுத்த முகூர்த்தம் என்ற பேச்சுக்கு என்ன அர்த்தம் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். மணவறை வரைக்கும் வந்து நின்றுபோன பெண் என்ற பேர் அவளோடு ஒட்டிக்கொள்ளும்.

கதவுக்குப் பின்னாலிருந்து சரசுவின் குரல்தான் முதலில் வந்தது. "அண்ணன் அனுப்புன டேப்பு இருக்குதுங்களேப்பா. அக்கா கல்யாணத்து மேளம் அதுல கெடக்குது. மெக்கானிக்கு அண்ணன் நிக்கறாங்கல்ல, கேளுங்க."

அவளுடைய அண்ணன் துபாயில் வேலையில் இருந்தான். லீவு கிடைக்காமல் தங்கை கல்யாணத்துக்கு வர முடியவில்லை. அவன் அனுப்பிய கையடக்க டேப் ரெக்கார்டரைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்கள். தாய்மாமன் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"பெட்டி வாசிச்சாலும் சரி, மனுசன் வாசிச்சாலும் சரி" என்றார். "அருமைக்காரரு கைய ஒசத்துனா வாசிக்கோணும். மூணாவது முடிச்சு விழற வரைக்கும் நிக்கப்படாது. நடுவுல வாயடைச்சுதுன்னா நாங்க நடையக் கட்டிருவமுங்க."

அருமைக்காரர் என்பவர் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சடங்குகளை முன்னின்று நடத்தி வைக்கும் குடும்பப் பெரியவர். அவர் ஏற்கெனவே மணவறையில் வந்து உட்கார்ந்துவிட்டார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

டேப் ரெக்கார்டரின் சத்தம் ஒரு அறைக்குப் போதும். பந்தலில் கூடிய கூட்டத்துக்கும் அந்தக் காற்றுக்கும் அது எம்மாத்திரம்? மைக்செட் கரண்ட் இல்லாமல் செத்துக் கிடக்கிறது. ஆனால் காரில் ஒரு ரேடியோ இருந்தது. டேப்பின் சத்தத்தை ரேடியோவுக்குள் விட்டால் அது பெருக்கிக் கொடுக்கும். ரேடியோவின் ஸ்பீக்கருக்குப் பதிலாக மரத்தில் இருக்கும் குழாயை இணைத்தால் ஊர் முழுக்கக் கேட்கும். யோசித்து முடிக்கும் முன்பே கை டாஷ்போர்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டது. ஒயரைப் பற்றவைக்கக் கரண்ட் வேண்டுமே என்று மைக்செட்காரர் கேட்டார். சால்டரிங் இரும்பைச் சமையல்காரரின் அடுப்பில் சொருகினேன். "பாயசத்துல ஈயம் விழுந்தா நீதான் குடிக்கோணும்" என்று கரண்டியோடு வந்தார் அவர். குடிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

டேப்புக்குள் போட்டிருந்த செல்கள் எப்போதோ செத்துப் பூத்துப்போயிருந்தன. "கார் பேட்டரியிலிருந்தே டேப்புக்கும் கொடுத்துடலாமே" என்றார் மைக்செட்காரர். நல்ல மனிதர், அவசரக்காரர். நான் கூடாது என்றேன். அந்தக் காலத்துக் கார்கள் சிலவற்றில் வண்டியின் உடம்போடு சேர்ந்திருப்பது பேட்டரியின் மைனஸ் முனை அல்ல, பிளஸ். டேப்பின் உடம்போ மைனஸ். இரண்டுக்கும் ஒரே பேட்டரியிலிருந்து கொடுத்து, சத்தம் போகிற ஒயரையும் சேர்த்துவிட்டால் பிளஸும் மைனஸும் கட்டிப் பிடித்துக்கொள்ளும். வண்டன்மேட்டில் ஒரு ஜீப்பை அப்படிப் புகைய விட்டவரை எனக்குத் தெரியும். பாட்டுக் கேட்க ஏறியவர்கள் எல்லோரும் ஏலக்காட்டுக்குள் குதித்து ஓடினார்கள். நமக்கு இங்கே குதித்து ஓட வசதியில்லை. டேப் தன் சொந்தச் செல்லில்தான் ஓட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

கடைக்கு ஓட நேரமில்லை. ஆனால் வந்திருந்த சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இருட்டோடு வரப்பில் நடந்து வந்தவர்கள். இரவில் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போகிறவர்கள் வீட்டில் டார்ச் இல்லாமல் இருக்குமா? வீட்டிலிருந்ததையும் சேர்த்து ஆளுக்கொரு டார்ச்சாக வாங்கி உள்ளங்கையில் அடித்துப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்த ஒன்றிலிருந்து செல்களை எடுத்து டேப்பில் போட்டேன். குழாயில் நாதஸ்வரம் கணீரென்று கிளம்பியது. பந்தலே திரும்பிப் பார்த்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

நிமிர்ந்த நெஞ்சு அப்படியே இருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சுருதி இறங்க ஆரம்பித்தது. வாசிப்பு இழுத்து இழுத்துக் கடைசியில் அழுகை மாதிரி ஆகிவிட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து முணுமுணுப்பு எழுந்தது. தாய்மாமன் காரை நோக்கி வந்தார்.

"ஏனுங்க, ஒப்பாரியாட்ட இருக்குதுங்களே?"

நான் டேப்பை நிறுத்திச் செல்லை வெளியே எடுத்தேன். மேல் காகிதம் வெளுத்து, ஓரம் சுருண்டிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. நம் ஊரில் தீர்ந்துபோன செல்லைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது. ஓட்டு மேல் வெயிலில் காய வைத்து எடுத்தால் கொஞ்ச நேரம் ஜோராக எரியும். அவ்வளவுதான் அதன் ஆயுசு.

"வெயில்ல காய வெச்ச செல்லு யாருதுங்க?" என்று கேட்டேன். பெண்ணின் அப்பாவே, "நம்முளதுதானுங்க" என்றார்.

தாய்மாமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு தன் வண்டிக்குப் போய் ஒரு நீளமான டார்ச்சை எடுத்து வந்தார். "எம்பட செல்லு புதுசு. போடுங்க" என்றார். தம்பிகளே, சோதனையில் ஒரு நிமிடம் பாடியதை வைத்து எதையும் நம்பாதீர்கள். வேலை நடக்கிற நேரம் முழுக்கப் பாடுமா என்று பாருங்கள்.

புதுச் செல்லோடு டேப் சீராக ஓடியது. இனி கெட்டிமேளம் எங்கே தொடங்குகிறது என்று தேடி அங்கே நிறுத்தி வைக்க வேண்டும். குழாயைத் துண்டித்துவிட்டு, காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டே போனேன். ஓரிடத்தில் வாசிப்பு நின்று ஒரு பேச்சுக் குரல் கேட்டது.

"ஏஞ்சாமி, அந்தப் பெட்டியச் சித்தெ தள்ளி வெய்யி. நாயனத்துச் சீவாளிய நனைக்கறேன், அதும்மேல தெறிச்சுரும்."

யாரோ சிரிக்கிறார்கள். அடுத்த நொடி கெட்டிமேளம். நான் டேப்பை நிறுத்தினேன். காலையில் பந்தல் முகப்பில் கேட்ட மாரிமுத்துவின் குரல்தான் அது, ஆனால் வயதான குரல். அந்த வீட்டு விசேஷங்களுக்கு வாசிப்பவர் எப்போதும் அவர்தான். மூத்தவள் கல்யாணத்துக்கும் அவர்தான் வாசித்திருக்கிறார். விடிகாலையில் செத்துப்போனவரின் வாசிப்பைத்தான் நான் இன்னும் சற்று நேரத்தில் தாலிக்கு ஒலிக்க விடப் போகிறேன்.

பெண்ணின் அப்பாவைக் கார் மறைவுக்கு அழைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முகமே சொல்லிவிட்டது. அவருக்கு முன்பே தெரியும்.

"கேக்காதீங்க. ஒண்ணும் கேக்காதீங்க" என்றார். "யாருக்குமே தெரியாதுங்க. பட்டனை அமுக்கிப்போடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சாயங்காலத்துக்குள்ள சாவுச் சேதி ஊரெல்லாம் தெரிஞ்சுடுமுங்க. டேப்புல வாசிச்சது யாருன்னு நாளைக்கே ஒருத்தர் கண்டுபிடிப்பாரு. அப்புறம் உங்க பொண்ணுதானுங்க அந்த வீட்டுல பேச்சுக் கேக்கணும்" என்றேன்.

"நீங்க கார் வேல பாக்க வந்தவருங்க."

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. கோபமும் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் என் வேலைதான் அது. இரண்டைச் சேர்த்து வைக்கிறவன் நான். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்து, யாருக்காகச் சேர்க்கிறேனோ அவருக்குத் தெரியாவிட்டால், அந்தக் கனெக்‌ஷனில் நான் கை வைக்கக் கூடாது. "சரசுவுக்குத் தெரியாம நான் பட்டனை அமுக்க மாட்டேனுங்க. தாலி அவ கழுத்துல ஏறப் போகுது" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தேன். அவர் பின்னாலேயே வந்தார், ஆனால் தடுக்கவில்லை.

சரசு ஜன்னலருகே வந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். பெரியவர் காலையில் காலமாகிவிட்டார், டேப்பில் இருப்பது அவருடைய வாசிப்பு, அவ்வளவுதான். அவள் கண் மை கரையாதபடி முந்தானை நுனியால் ஒற்றிக்கொண்டாள்.

"சின்னப் புள்ளையில இருந்து என்னைய மணியக்காரின்னுதான் கூப்புடுவாருங்க" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "அக்காவுக்கு மங்கலமா வாசிச்சதுதானுங்களே? அது எனக்கு மட்டும் எப்படிங்கப்பா அமங்கலமாகும்? ஆனா அவங்ககிட்ட மறைக்காதீங்க. இன்னைக்கு மறைச்சா நான் ஆயுசுக்கும் அந்த ஊட்டுல பயந்துட்டே இருக்கோணும். அவங்களைக் கூப்புடுங்க, நானே சொல்றேன்."

மணக்கோலத்தில் இருக்கிற பெண் தாய்மாமனையும் மாப்பிள்ளையையும் வாசலுக்கு அழைத்துப் பேசியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு வார்த்தையையும் அவள் விழுங்கவில்லை. மாப்பிள்ளை முதலில் பேசினார். "எனக்குச் சம்மதமுங்க, மாமா."

தாய்மாமன் அவரைக் கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "எப்படிங்க செத்தாரு?"

"தூக்கத்துலங்க."

"பேரன் பேத்தி எடுத்தவருங்களா?"

"கொள்ளுப்பேரனே இருக்கானுங்க" என்றாள் சரசு.

"அப்ப அது கல்யாணச் சாவுங்க. அதுல என்ன கொறை?" என்ற தாய்மாமன், சரசுவின் அப்பா மேல் பாய்ந்தார். "இதக் காத்தாலயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா? வண்டி பழுதுன்னீங்களே, அதுக்குத்தானுங்க எனக்குக் கோவம். வண்டி பழுதுன்னா வேற வண்டி புடிச்சு வந்திருக்கோணும். மனுசன் செத்துப்போனா அவன் எதுல வருவான்?"

பெண்ணின் அப்பா அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். காலையிலிருந்து அவரை அழுத்திக்கொண்டிருந்ததே அந்தப் பொய்தான். கூட்டத்தை எழுந்து போக வைத்துவிடும் என்று அவர் பயந்த உண்மை யாரையும் எழுப்பவில்லை. எழுந்து போகிற அளவுக்குக் கொண்டு வந்ததெல்லாம் வண்டி பழுது என்ற கதைதான். உங்களிடம் வருகிறவர்களிடம் கெட்ட செய்தியைச் சொல்லப் பயப்படாதீர்கள். முன்னால் சொன்னால் அது செய்தி, பின்னால் தெரிந்தால் அது துரோகம்.

காரிலிருந்து மணவறை தெரியாது. தாய்மாமனே பந்தல் ஓரத்தில் தோள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அருமைக்காரர் கையை உயர்த்தினால் இவர் துண்டை வீச வேண்டும் என்று ஏற்பாடு. பேட்டரிக்காக ஓட விட்டிருந்த எஞ்சினை நான் நிறுத்தி, குழாயை இணைத்து, விரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு அந்தத் துண்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

துண்டு பறந்தது. அமுக்கினேன்.

புளியமரத்திலிருந்து கெட்டிமேளம் கொட்டியது. காற்று அதை அள்ளிக்கொண்டு போய் வயல் முழுக்க இறைத்தது. மாப்பிள்ளைக்கு முடிச்சுப் போட வராமல் தடுமாறினார் என்று பிறகு சொன்னார்கள். மூத்த மாப்பிள்ளையும் தன் கல்யாணத்தன்று தடுமாறியிருக்க வேண்டும், பெரியவர் நீட்டித்தான் வாசித்திருந்தார். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் தாய்மாமன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் நான் விரலைப் பட்டனிலிருந்து எடுத்தேன். சந்தோஷமா துக்கமா என்று தெரியாமல் கண் கலங்கிவிட்டது.

தற்செயலாக வாய்க்கால் பக்கம் பார்த்தேன். மாரிமுத்து நின்றுகொண்டிருந்தார். எப்போது திரும்பி வந்தார் என்று தெரியவில்லை. ஒரு கை சைக்கிள் ஹேண்டில்பாரில், இன்னொரு கையின் விரல்கள் சீட்டின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. சரசுவிடம் கேட்டேன், மாப்பிள்ளை வீட்டாரிடமும் கேட்டாயிற்று. இவரிடம் யாருமே கேட்கவில்லை. ஓடினேன்.

"வேற செட்டு கெடைக்கலீங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றார். கண்கள் சிவந்திருந்தன.

"உங்களைக் கேக்காமப் போட்டுட்டோமுங்க. மன்னிக்கோணும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அந்தத் தவில் நான் அடிச்சதுங்க. கடைசியில ஒரு எடத்துல முந்திட்டேன். ஊட்டுக்குப் போற வழி பூரா அப்பன் வைஞ்சுட்டே வந்தாரு" என்றார். மரத்தில் இருந்த குழாயை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே போட்டது போட்டபடி டேப் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் கெட்டிமேளத்தை முடித்து ஆனந்தபைரவி ராகத்தைத் தொட்டிருந்தார்.

மாரிமுத்து சைக்கிளைத் திருப்பினார்.

"ஒத்துக்கிட்ட முகூர்த்தத்த அப்பன் முடிச்சுட்டாருங்க" என்றார். "நான் போய் அவரை எடுக்கற வேலையப் பாக்கறேன்."